மிகப் பழைய ஒளி இயற்பியலைப் பற்றி என்ன சொல்கிறது?

கேள்வி இரண்டு பகுதியாக இருக்கிறது. பெருவெடிப்புக்குப் பிறகு கிளம்பிய ஒளியை இன்று பிடித்து அளக்கிறார்கள், சரி, ஆனால் அதை வைத்து இயற்பியல் விதிகளைப் பற்றி எப்படித் தெரிந்துகொள்ள முடியும், ஒரு மாதிரியை எழுதிக்கொண்டு தரவு பொருந்தும்வரை எண்களைத் திருகுகிறார்கள், அவ்வளவுதானே என்பது ஒன்று. இதுவரை தெரியாத புது இயற்பியல் ஏதாவது அதில் கிடைத்திருக்கிறதா என்பது இன்னொன்று.

எண்களைத் திருகுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் திருகுவது ஆறே ஆறு எண்களை. அந்த ஆறை வைத்துக்கொண்டு விளக்குவதோ வானம் முழுவதிலும் ஆயிரக்கணக்கான கோண அளவுகளில் எடுத்த அளவீடுகளை. அதைவிட முக்கியம், எந்தக் கோண அளவில் வெப்பநிலை எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று காட்டும் வளைகோடு எப்படி இருக்கும் என்பதை 1970-லேயே எழுதி வைத்துவிட்டார்கள்: பிரின்ஸ்டனில் பீபிள்ஸும் யூவும், மாஸ்கோவில் சுன்யாயேவும் செல்டோவிச்சும். அதைத் தெளிவாக அளக்கும் கருவி வர ஏறக்குறைய முப்பது ஆண்டு ஆனது. வந்த தரவில் மேடும் பள்ளமும் அவர்கள் சொன்ன வகையிலேயே இருந்தன. இதைப் போய்ப் பொருத்தல் என்று சொல்வது கொஞ்சம் அநியாயம்.

முப்பது ஆண்டு முன்கூட்டியே சொல்ல முடிந்ததற்குக் காரணம், அந்தக் காலத்துப் பிரபஞ்சம் அவ்வளவு எளிமையானது என்பதுதான். ஒரு பருவமழை எப்போது வரும், எவ்வளவு பெய்யும் என்று துல்லியமாகக் கணக்கிட இன்றும் நம்மால் முடிவதில்லை. இந்த ஒளி கிளம்பியபோது இருந்த 3,80,000 ஆண்டு வயதுப் பிரபஞ்சத்தைக் கணக்கிட முடிகிறது. ஹைட்ரஜன், ஹீலியம், எலக்ட்ரான், ஒளி, நியூட்ரினோ, அப்புறம் இருண்ட பொருள், எல்லாம் ஏறக்குறைய சீராகக் கலந்த ஒரு சூடான வாயு, அவ்வளவுதான். இடத்துக்கு இடம் வெப்பநிலையில் இருந்த ஏற்றத்தாழ்வு லட்சத்தில் ஒரு பங்கு. மேகம் கிடையாது, சுழல் கிடையாது, நட்சத்திரம் வெடித்துக் கணக்கைக் கெடுப்பது கிடையாது. இப்படிப்பட்ட இடத்தில் நமக்குத் தெரிந்த இயற்பியலில் சின்னப் பிசகு இருந்தாலும் மறைந்துகொள்ள இடமில்லை, வெளியே தெரிந்துவிடும். இந்த ஒளியின் மதிப்பே அதில்தான் இருக்கிறது, வயதில் இல்லை.

ஒளி என்று சொல்வது இன்று நுண்ணலை. கிளம்பும்போது சுமார் 3000 கெல்வின் வெப்பநிலையில், ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் வாயுவிலிருந்து கிளம்பியது. அதன் பிறகு பிரபஞ்சம் ஏறக்குறைய 1090 மடங்கு விரிந்துவிட்டதால் அலைநீளமும் அத்தனை மடங்கு நீண்டு, இப்போது 2.725 கெல்வின் வெப்பக் கதிர்வீச்சாக எல்லாத் திசையிலிருந்தும் வருகிறது. ஒவ்வொரு கன சென்டிமீட்டரிலும் சுமார் 411 ஃபோட்டான்கள், நீங்கள் உட்கார்ந்திருக்கும் அறையிலும்தான். இதற்கு அண்ட நுண்ணலைப் பின்னணி என்று பெயர், சுருக்கமாக சிஎம்பி. 1964-65-இல் நியூ ஜெர்சியில் ஹோம்டெல் என்ற இடத்தில் இருந்த பெல் ஆய்வகத்தின் கொம்பு ஆண்டெனாவில் பென்சியாஸும் வில்சனும் இதைக் கண்டுபிடித்த கதை, அந்தப் புறா எச்சம் உட்பட, எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன். அதிகம் பேசப்படாதது அதற்கு முந்தைய கதை. 1941-இல் கனடாவில் ஆண்ட்ரூ மெக்கெல்லர் என்பவர், நட்சத்திரங்களுக்கு இடையே மிதக்கும் சயனோஜன் மூலக்கூறுகள் காலி வெளியில் இருந்தும் ஏன் லேசாகச் சுழல்கின்றன என்று பார்த்து, ஏதோ 2.3 கெல்வின் வெப்பம் அவற்றைச் சுழற்றுவது போலிருக்கிறது என்று கணக்கிட்டார். அளவு கிட்டத்தட்ட சரி. அந்த வெப்பம் எங்கிருந்து வருகிறது என்று கேட்க அன்று யாருக்கும் தோன்றவில்லை.

ஹைட்ரஜனில் தொடங்குகிறேன், பலரும் தாண்டிப்போகும் இடம் அது, எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்ததும் அதுதான். ஹைட்ரஜன் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்க 13.6 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். வெப்பநிலையாக மாற்றினால் ஒன்றரை லட்சம் கெல்வினுக்கு மேல். அப்படியென்றால் பிரபஞ்சம் அந்த வெப்பநிலைக்குக் கீழே இறங்கியதுமே எலக்ட்ரானும் புரோட்டானும் சேர்ந்து அணுவாகி, ஒளிக்கு வழி விட்டிருக்க வேண்டுமே? ஆகவில்லை. ஏறக்குறைய 3000 கெல்வின் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காரணம் வெறும் எண்ணிக்கை. புரோட்டான் அல்லது நியூட்ரான் ஒன்றுக்கு சுமார் 160 கோடி ஃபோட்டான்கள் இருந்தன. சராசரி ஃபோட்டானுக்கு அணுவை உடைக்கும் வலு போன பிறகும், அத்தனை கோடியில் விதிவிலக்காக வலுவாக இருக்கும் சில போதும், உருவாகிற அணுவையெல்லாம் உடனுக்குடன் உடைத்துப்போட. எந்த வெப்பநிலையில் எத்தனை பங்கு அணு உடைந்து கிடக்கும் என்பதற்கான சமன்பாட்டை மேகநாத் சாஹா 1920-இல், நட்சத்திரங்களின் நிறமாலையைப் புரிந்துகொள்வதற்காக எழுதினார். அதே சமன்பாட்டில் இந்த எண்களைப் போட்டால் முதல் விடை கிடைத்துவிடும்.

முதல் விடைதான், சரியான விடை அல்ல. எலக்ட்ரான் நேராக அணுவின் அடிமட்டத்துக்கு வந்து விழுந்தால் 13.6 எலக்ட்ரான் வோல்ட் ஃபோட்டான் ஒன்று வெளியேறும், அது அடுத்த அணுவை உடைக்கும், லாபம் பூஜ்யம். சரி, முதலில் இரண்டாம் மட்டத்துக்கு வந்து அங்கிருந்து இறங்கட்டும் என்றால், அப்போது வரும் ஃபோட்டானை அக்கம்பக்கத்து அணு விழுங்கி மேலே ஏறிவிடும், மறுபடியும் பூஜ்யம். ஒரு சந்து மட்டும் திறந்திருக்கிறது. இரண்டாம் மட்டத்தில் 2எஸ் என்ற நிலையில் இருக்கும் எலக்ட்ரான், ஒரே ஃபோட்டானாக அல்லாமல் ஆற்றலைப் பங்குபோட்டு இரண்டு ஃபோட்டான்களாக உமிழ்ந்துவிட்டு இறங்கலாம். அந்த இரண்டில் எதற்கும் அடுத்த அணுவைக் கிளறும் வலு இருக்காது, தப்பித்துப் போய்விடும். ஆனால் இது அபூர்வமான நிகழ்வு: நொடிக்கு சுமார் 8.2 தடவை என்ற வீதம். அணுவின் உலகில் அது யுகக்கணக்கு, வழக்கமான இறக்கம் நானோநொடியில் முடிந்துவிடும். இரண்டு ஃபோட்டான் சேர்ந்து வரும் நிகழ்வு சாத்தியம் என்று மரியா கோப்பர்ட் மேயர் தன் முனைவர் பட்ட ஆய்வில் காட்டி, அது 1931-இல் வெளிவந்தது. ஹைட்ரஜனுக்கான வீதத்தை பிரைட்டும் டெல்லரும் 1940-இல் கணக்கிட்டார்கள். 1968-இல் பீபிள்ஸ் ஒரு பக்கமும், செல்டோவிச், கர்ட், சுன்யாயேவ் மறுபக்கமும் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தால், பிரபஞ்சத்தின் ஹைட்ரஜனில் பாதிக்கு மேல் இந்தச் சந்து வழியாகத்தான் அணுவாகியிருக்கிறது.

அந்த வீதம் வேறாக இருந்திருந்தால் ஒளி விடுபட்ட நேரமும், விடுபட எடுத்துக்கொண்ட கால அளவும் மாறியிருக்கும், வானத்தில் சிறிய கோணங்களில் உள்ள புள்ளிகள் வேறு மாதிரி மங்கியிருக்கும். ஆகவே தலைகீழாகவும் கேட்கலாம்: கணிப்பை மறந்துவிடு, வானத்தைப் பார்த்து அந்த வீதம் என்னவென்று சொல். பிளாங்க் செயற்கைக்கோளின் 2015 தரவில் இதைச் செய்தார்கள். நொடிக்கு 7.7-ஐ ஒட்டி வந்தது, பிழை அளவு ஏறக்குறைய 8 சதவீதம், கணிப்பான 8.2 அதற்குள் வசதியாக அடங்குகிறது. ஹைட்ரஜனில் ஆய்வுக்கூடத்தில் நேரடியாக அளந்ததைவிட இது துல்லியம். ஓர் அணுவின் குணத்தை, 1380 கோடி ஆண்டுக்கு முன் நடந்ததை வைத்து, பூமியில் அளந்ததைவிட நன்றாக அளந்திருக்கிறார்கள். இயற்பியல் விதிகளைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டவருக்கு என் முதல் பதில் இதுவாகத்தான் இருக்கும். இதே வழியில் எலக்ட்ரானுக்கும் ஒளிக்கும் உள்ள பிணைப்பின் வலுவைக் குறிக்கும் நுண்கட்டமைப்பு மாறிலி அன்றும் இன்றும் ஒரு சதவீதத்துக்குள் ஒன்றுதான் என்றும் தெரிகிறது. விதிகள் காலப்போக்கில் மாறியிருக்கலாமே என்று சும்மா சொல்லிவிட முடியாது, எவ்வளவு மாற இடமிருக்கிறது என்பதற்கு எண் இருக்கிறது.

அடுத்தது நிறமாலை. 1989 நவம்பரில் ஏவிய கோபி செயற்கைக்கோள், இந்தக் கதிர்வீச்சின் வலு ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் எவ்வளவு என்று அளந்தது. 1990 ஜனவரியில் ஜான் மேதர் வானியலாளர் கூட்டத்தில் அந்த வரைபடத்தைத் திரையில் போட்டபோது கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. வெறும் ஒன்பது நிமிடத் தரவு, ஆனால் புள்ளிகள் வெப்பக் கதிர்வீச்சுக்கு மாக்ஸ் பிளாங்க் எழுதிய வளைகோட்டின் மேல் அப்படியே உட்கார்ந்திருந்தன. பின்னால் வந்த முழு ஆய்வில் விலகல் உச்ச மதிப்பில் ஒரு லட்சத்துக்கு ஐந்து பங்குக்கும் குறைவு என்றானது. அழகு ஒருபுறம் இருக்கட்டும், இது எதையெல்லாம் தடை செய்கிறது என்று பாருங்கள். பிரபஞ்சம் ஓரிரு மாதக் குழந்தையாக இருந்ததிலிருந்து இன்றுவரை, ஏதோ ஒரு கனத்த துகள் சிதைந்தோ, ஆதிக் கருந்துளைகள் ஆவியாகியோ, கதிர்வீச்சின் ஆற்றலில் பத்தாயிரத்தில் ஒரு பங்கைக் கொட்டியிருந்தாலும் வளைகோடு நெளிந்திருக்கும். நெளியவில்லை. புதுத் துகள்களைக் கற்பனை செய்கிறவர்களுக்கு இது பெரிய தலைவலி, நல்ல தலைவலி.

வெப்பநிலை உண்மையிலேயே காலத்தோடு குறைந்து வந்திருக்கிறதா என்றும் நேராகப் பார்த்தாகிவிட்டது. புனேயில் உள்ள ஐயூகா மையத்தின் ரகுநாதன் ஸ்ரீஆனந்த், பிரெஞ்சு சகாக்களான பெட்டிஜோன், லெடூ ஆகியோருடன் சேர்ந்து, சிலியில் உள்ள விஎல்டி தொலைநோக்கியால் மிகத் தொலைவு வாயு மேகம் ஒன்றில் கார்பன் அணுக்கள் எவ்வளவு கிளறப்பட்டிருக்கின்றன என்று அளந்து 2000-இல் வெளியிட்டார். பழைய சயனோஜன் வித்தையேதான், ஆயிரம் கோடி ஆண்டுக்கும் முந்தைய மேகத்தில். 6 கெல்வினுக்கும் 14 கெல்வினுக்கும் இடையே என்று வந்தது, எதிர்பார்த்தது 9.1. பிறகு 2008-இல் இன்னொரு மேகத்தில் கார்பன் மோனாக்சைடை வைத்து 9.15 கெல்வின், பிழை 0.72 என்று இறுக்கினார்கள், அங்கே எதிர்பார்த்தது 9.3. ஒளி வழியில் களைத்து ஆற்றல் இழக்கிறது, பிரபஞ்சம் விரியவில்லை என்று இன்னும் வாதம் செய்கிறவர்கள் இந்த எண்ணைப் பார்த்துவிட்டு வரவேண்டும்.

இனி ஒலி. அணுக்கள் உருவாகும் முன், எலக்ட்ரான்களில் மோதி மோதிச் சிக்கிக்கொண்டிருந்த ஒளியும் சாதாரணப் பொருளும் ஒரே பாய்மம் போல நடந்துகொண்டன. ஈர்ப்பு உள்ளே இழுக்கும், ஒளியின் அழுத்தம் வெளியே தள்ளும், ஆக அந்தப் பாய்மத்தில் அசலான ஒலி அலைகள் ஓடின, வேகம் ஒளியின் வேகத்தில் பாதிக்கும் சற்று மேல். ஒளி விடுபட்ட கணத்தில் அலைகள் நின்றுபோயின, எந்த அலை எந்தக் கட்டத்தில் இருந்ததோ அது வெப்பநிலை வேறுபாடாகப் பதிந்துவிட்டது, வளைகோட்டின் மேடுகள் அதிலிருந்து வந்தவைதான். ஒலி அதுவரை ஓடிய தூரம் என்ன என்பதைத் தெரிந்த இயற்பியலை வைத்துக் கணக்கிடலாம். அன்று சுமார் நாலரை லட்சம் ஒளியாண்டு, விரிவுக்குப் பிறகு இன்று 48 கோடி ஒளியாண்டு. அது வானத்தில் எவ்வளவு கோணத்தில் தெரிகிறது என்பதை அளக்கலாம்: 0.6 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு, முழுநிலவைவிடச் சற்றுப் பெரிது. இந்தக் கோணம் இன்று பத்தாயிரத்தில் மூன்று பங்குத் துல்லியத்தில் தெரியும். தூரமும் தெரிந்து கோணமும் தெரிந்தால் இடையில் உள்ள வெளி வளைந்ததா தட்டையா என்பது பள்ளிக்கூட வடிவியல். 1998 டிசம்பர் கடைசியில் அண்டார்டிகாவில் பறக்கவிட்ட பூமராங் என்ற பலூன் அந்தக் கண்டத்தைச் சுற்றி வந்து எடுத்த தரவு 2000-இல் வெளியானபோது விடை தட்டை என்று வந்தது. பிளாங்க் அதை ஆயிரத்தில் சில பங்குவரை உறுதி செய்தது.

முதல் மேட்டைவிட இரண்டாவதும் மூன்றாவதும் சொல்லும் செய்தி எனக்குப் பெரிதாகப் படுகிறது. சாதாரணப் பொருளுக்கு எடை உண்டு, அதனால் பாய்மம் அமுங்கும் கட்டத்தில் கூடுதலாக அமுங்கும், விரியும் கட்டத்தில் குறைவாக விரியும். ஒற்றைப்படை மேடுகள் உயர்ந்து இரட்டைப்படை மேடுகள் தாழ்வதைப் பார்த்துச் சாதாரணப் பொருள் எவ்வளவு என்று சொல்லிவிடலாம்: இன்றைய பிரபஞ்சத்தின் மொத்த ஆற்றலில் 5 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. முற்றிலும் வேறு வழியில், பெருவெடிப்பின் முதல் சில நிமிடங்களில் அணுக்கரு வினைகளால் உருவான டியூட்டீரியம் எவ்வளவு என்று பழைய வாயு மேகங்களில் அளந்தும் அதே விடைக்கு வருகிறார்கள். சில நிமிட வயதில் அணுக்கரு இயற்பியல், 3,80,000 வயதில் ஒலி, இரண்டும் ஒரே எண்ணைச் சொல்கின்றன. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இருண்ட பொருள் விஷயம் மூன்றாவது மேட்டில் இருக்கிறது. அதுவும் சாதாரணப் பொருள் போல ஈர்க்கும், ஆனால் ஒளி அதைத் தள்ள முடியாது, அது அலையாடாமல் ஈர்ப்புக் குழியில் அமைதியாகச் சேர்ந்துகொண்டே போகும். இப்படி ஒன்று இல்லையென்றால் மேடுகள் ஒன்றுக்கொன்று தாழ்ந்துகொண்டே போகவேண்டும். இங்கே ஒரு நேர்மையான குறிப்பு: இருண்ட பொருளே இல்லை என்று வைத்துக்கொண்டு செய்த ஒரு கணிப்பு, இரண்டாம் மேட்டின் உயரத்தைச் சரியாகவே சொன்னது, அன்று பலரை யோசிக்கவும் வைத்தது. மூன்றாம் மேட்டில் கவிழ்ந்தது. அது இரண்டாவதற்குச் சமமான உயரத்தில் நின்றது. கணக்கு முடிவில் இருண்ட பொருள் சாதாரணப் பொருளைப்போல ஐந்து மடங்குக்கும் மேல். விண்மீன் மண்டலங்கள் சுழலும் வேகத்தை மட்டும் பார்த்து ஈர்ப்பு விதியை மாற்றினால் போதும் என்று வாதிடுகிறவர்கள் புத்திசாலிகள், அவர்கள் எழுப்பும் கேள்விகளும் நல்லவை, ஆனால் இந்தத் தரவுக்கு முன்னால் அந்த வாதம் நிற்பதை நான் பார்த்ததில்லை. இன்னொரு எளிய கணக்கு: லட்சத்தில் ஒரு பங்கு ஏற்றத்தாழ்வு, ஒளி விடுபட்ட பிறகு, சாதாரணப் பொருள் மட்டும் இருந்தால் இன்றுவரை ஆயிரம் மடங்குதான் வளரும். அப்படியென்றால் இன்று நூற்றில் ஒரு பங்கு ஏற்றத்தாழ்வு. அதில் ஒரு விண்மீன் மண்டலம்கூட உருவாகாது, இதை எழுதவும் ஆள் இருக்காது. ஏற்கெனவே குழி தோண்டி வைத்திருந்த ஏதோ ஒன்று தேவை. ஆனால் அது எந்தத் துகள் என்று இந்த ஒளி சொல்வதில்லை. அது எதுவாக இருந்தாலும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு எலக்ட்ரான்களைக் கொட்டும் இலேசான ரகம் என்றால் அணுக்கள் மறுபடி உடைந்து தரவில் தெரிந்திருக்கும் என்ற அளவில் சில வேட்பாளர்களை நீக்கிவிடுகிறது.

நியூட்ரினோக்களைப் பற்றி ஒரு பத்தி. பெருவெடிப்பின் முதல் நொடியை ஒட்டி விடுபட்டுப்போன நியூட்ரினோக்களை இதுவரை யாரும் நேரடியாகப் பிடித்ததில்லை, பிடிக்குமளவு அவற்றுக்கு ஆற்றல் இல்லை. ஆனால் அவை ஒலியைவிட வேகமாக ஓடியதால், ஒலி அலையின் முனையைக் கொஞ்சம் முன்னால் இழுத்து, மேடுகளின் இடத்தைச் சற்று நகர்த்தியிருக்கின்றன. 2015-இல் பிளாங்க் தரவில் அந்த நகர்வைக் கண்டுபிடித்தார்கள். எத்தனை வகை நியூட்ரினோ என்று கேட்டால் பிளாங்க் தரும் விடை 2.99, பிழை 0.17. ஜெனீவாவில் லெப் துகள்முடுக்கியில் இசட் போசான் என்ற துகள் சிதைவதை எண்ணிப் பார்த்தும் மூன்றுதான். மூன்று வகையின் நிறைகளையும் கூட்டினால் 0.12 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் குறைவு என்று சிஎம்பியும் விண்மீன் மண்டலங்களின் பரவலும் சேர்ந்து சொல்கின்றன. எலக்ட்ரானின் நிறை அதே அலகில் 5,11,000. நியூட்ரினோ அலைவு ஆய்வுகளோ கூட்டல் குறைந்தது 0.06 இருந்தாக வேண்டும் என்கின்றன. இடைவெளி சுருங்கிக்கொண்டே வருகிறது, சீக்கிரம் ஒன்று அளவு கிடைக்கும் இல்லையென்றால் ஏதோ இடிக்கும்.

ஆரம்பத்தில் அந்த ஏற்றத்தாழ்வு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியில் சுருக்கமாகவே நிற்கிறேன், ஏனென்றால் இங்கே ஆரவாரம் ஆதாரத்தைவிட அதிகம். மிக ஆரம்பத்தில் பிரபஞ்சம் கண்மூடித்திறப்பதற்குள் அசுரத்தனமாக ஊதிப் பெருத்தது, அப்போது குவாண்டம் நடுக்கங்கள் வானளவு இழுபட்டன என்பது அண்டவீக்கக் கருத்து. 1981-இல் முகனோவும் சிபிசோவும் அப்படி வரும் ஏற்றத்தாழ்வு பெரிய அளவுகளில் ஒரு மயிரிழை கூடுதலாக இருக்கும் என்று கணக்கிட்டார்கள். சீராக இருந்தால் 1 என்று வரவேண்டிய எண்ணை பிளாங்க் 0.965 என்று அளந்தது, பிழை 0.004. கணிப்போடு பொருந்துகிறது. ஆனால் உறுதியான சாட்சியாகக் கருதப்படும் ஆதி ஈர்ப்பு அலைகளின் தடம் கிடைக்கவில்லை. 2014 மார்ச்சில் தென்துருவத்தில் உள்ள பைசெப்2 குழு கிடைத்துவிட்டது என்று அறிவித்தது, சில மாதங்களில் அது பெரும்பாலும் நம் பால்வீதியின் தூசி என்று தெரிந்தது. 2021-இல் அதே குழுவினரின் அடுத்த தலைமுறைக் கருவி தந்த வரம்பு அன்று அறிவித்த அளவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே.

ஹப்பிள் மாறிலிச் சண்டை பற்றியும் கேட்பீர்கள். சிஎம்பி சொல்லும் விரிவு வேகம் (ஒரு மெகாபார்செக் தூரத்துக்கு நொடிக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கில்) 67.4, அருகிலுள்ள நட்சத்திரங்களையும் சூப்பர்நோவாக்களையும் வைத்து அளந்தால் 73-ஐ ஒட்டி. 67.4 நேரடி அளவீடு அல்ல, மாதிரி சரியென்று வைத்துக்கொண்டு கிடைக்கும் எண் என்பதை மறக்கக் கூடாது. புது இயற்பியலாக இருக்கலாம், தூர அளவுகோலில் இன்னும் பிடிபடாத பிழையாகவும் இருக்கலாம். பந்தயம் கட்டச் சொன்னால் நான் கட்டமாட்டேன்.

புது இயற்பியல் இருக்கிறதா என்ற இரண்டாம் கேள்விக்கு இப்போது எனக்குச் சுவாரசியமாகப் படுவது வேறொன்று: அந்த ஒளியின் தளவிளைவு, அதாவது ஒளியின் அலை எந்தத் திசையில் அதிர்கிறது என்பது. கடைசியாக எலக்ட்ரானில் மோதிச் சிதறியபோது ஒளிக்கு லேசான தளவிளைவு வந்துவிட்டது, 2002-இல் தென்துருவத்தில் டாசி கருவி அதை முதலில் கண்டது. வானத்தில் அதிர்வுத் திசைகள் போடும் கோலத்தை இரண்டு வகையாகப் பிரிக்கலாம், கண்ணாடியில் பார்த்தால் மாறாதது ஒன்று, இடவலம் புரண்டு குறி மாறுவது இன்னொன்று. இயற்கை இடத்தையும் வலத்தையும் ஒன்றாக நடத்துகிறது என்றால் இந்த இரண்டுக்கும் இடையே எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. இயற்கை எப்போதும் அப்படி நடத்துவதில்லை என்பது 1957-லேயே தெரியும், மேடம் வூ கோபால்ட்-60 சோதனையில் வலுக்குறை விசை இடவலம் பார்க்கிறது என்று காட்டினார். ஒளியைப் பொறுத்தவரை அப்படி எதுவும் தெரியாது. ஆனால் பிரபஞ்சம் முழுக்க ஆக்ஸியான் (இதுவரை யாரும் கண்டிராத, கருத்தளவில் மட்டும் உள்ள ஒரு துகள்) போன்ற ஒரு புலம் பரவியிருந்து, அது ஒளியோடு பிணைந்திருந்தால், இடப்பக்கம் சுழலும் ஒளியும் வலப்பக்கம் சுழலும் ஒளியும் சற்றே வேறு வேகத்தில் போகும், விளைவாக அதிர்வுத் திசை வழியெல்லாம் மெல்லத் திரும்பிக்கொண்டே வரும். அந்தப் புலம் இருண்ட பொருளாகவோ இருண்ட ஆற்றலாகவோகூட இருக்கலாம். ஒரு நாளில், ஓர் ஆண்டில் அந்தத் திருப்பம் தெரியாது. 1380 கோடி ஆண்டு பயணம் செய்த ஒளியில் தெரியலாம்.

சிக்கல் கருவியில். சுவரில் மாட்டிய படம் சாய்ந்திருக்கிறதா, பார்க்கிறவர் தலை சாய்ந்திருக்கிறதா என்ற பிரச்சினை இது. உணர்கருவி ஒரு டிகிரியில் கால் பங்கு திருகிப் பொருத்தப்பட்டிருந்தாலும் வானம் திரும்பியது போலவே தெரியும், பிளாங்கின் கருவி எந்தக் கோணத்தில் இருந்தது என்பது ஏறக்குறைய அந்த அளவுக்குத்தான் தெரியும். யூடோ மினாமியும் எய்ச்சிரோ கொமாட்சுவும் 2020-இல் ஒரு வழி கண்டார்கள். பைசெப்2-வைக் கவிழ்த்த அதே தூசி இங்கே உதவிக்கு வந்தது. பால்வீதியின் தூசி உமிழும் ஒளியும் தளவிளைவு உடையது, ஆனால் அது பக்கத்திலிருந்து வருகிறது, திரும்ப நேரமில்லை. கருவிதான் சாய்ந்தது என்றால் தூசியின் ஒளியும் சிஎம்பியும் ஒரே அளவு திரும்பித் தெரியும், வழியில் திரும்பியது என்றால் சிஎம்பி மட்டும் திரும்பியிருக்கும். கழித்துப் பார்த்ததில் 0.35 டிகிரி வந்தது, பிழை 0.14. பின்னர் கூடுதல் தரவோடு எஸ்கில்ட்டும் கொமாட்சுவும் செய்த ஆய்வில் 0.34, பிழை ஏறக்குறைய 0.09. சிலியில் அட்டகாமா பாலைவனத்தில், 5000 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருந்த ஆக்ட் தொலைநோக்கியின் 2025 தரவு, தூசியை நம்பாமல் தன் ஒளியியல் அமைப்பின் கணக்கை நம்பி, 0.20 என்றது, பிழை 0.08. காந்தப்புலங்களும் அதிர்வுத் திசையைத் திருப்பும், ஆனால் அந்தத் திருப்பம் அலைநீளத்துக்கு ஏற்ப மாறும். பிளாங்க் தரவில் அப்படி மாறவில்லை.

நான் இதை நம்புகிறேனா? இன்னும் இல்லை. துகள் இயற்பியலில் கண்டுபிடிப்பு என்று ஒப்புக்கொள்ளும் எல்லைக்கு எந்த அளவீடும் வரவில்லை, தூசியே இடவலம் பார்த்துக் கோலம் போடுகிறதா என்ற கேள்வி இருக்கிறது, கால் டிகிரி விஷயத்தில் கருவிகள் சேர்ந்தே ஏமாற்றவும் வாய்ப்பு உண்டு. அதேசமயம் தள்ளிவிடவும் மனம் வரவில்லை, வேறுவேறு வழிகளில் அளந்தும் குறி ஒரே பக்கம் சாய்கிறது. அட்டகாமாவில் இயங்கத் தொடங்கியிருக்கும் சைமன்ஸ் ஆய்வகத்தில் தொலைநோக்கிக்கு முன்னால் கம்பி வலைகளைத் திருப்பி வைத்துக் கருவியின் கோணத்தையே நேரடியாக அளக்கிறார்கள். பிழை 0.1 டிகிரிக்கு நன்றாகக் கீழே இறங்கி, எண் 0.3-ஐ ஒட்டியே நின்றால் ஒளிக்கும் இடவலம் தெரியும் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். பூஜ்யத்தை நோக்கி நகர்ந்தால் ஆக்ஸியான் மாதிரிகளில் ஒரு பெரிய கூட்டத்துக்கு வேலை போய்விடும், அதுவும் ஒரு விடைதான்.